பள்ளிக்குக் கொடுக்கும் சான்றை எவ்வளவு நம்பலாம்? சென்னைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆய்வுக் குழு வந்தபோது ஃபைல்களோடு நின்றிருக்கிறேன், வேறு பள்ளிகளுக்கு ஆய்வுக் குழுவில் ஒருத்தியாகவும் போயிருக்கிறேன். அதனால் அட்மிஷன் காலம் வந்தால் வேளச்சேரியிலிருந்து அம்பத்தூர் வரை தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். கேட்பது பெரும்பாலும் ஒன்றேதான்: பள்ளி காட்டும் சான்றை நம்பலாமா? அவரவர் கேட்டபடியே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன். சொல்வதில் பெரும்பகுதி 9 முதல் 12 வரை வகுப்புகள் உள்ள பள்ளிகளைப் பற்றியது.

அங்கீகாரம், அஃபிலியேஷன், அக்ரெடிடேஷன் எல்லாம் ஒண்ணுதானே மேடம்?

மூன்றும் வேறு. அங்கீகாரம் என்பது பள்ளி நடத்த மாநில அரசு தரும் அனுமதி. அது இல்லாமல் பள்ளி நடத்தக் கூடாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 18-வது பிரிவு இதற்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. அப்புறமும் நடத்தினால் நாள் ஒன்றுக்குப் பத்தாயிரம். அஃபிலியேஷன், அதாவது இணைப்பு, தேர்வு நடத்தும் வாரியம் கொடுப்பது. சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ பள்ளிகளுக்கு மாநில அரசின் சம்மதமும் வேண்டும், வாரியத்தின் இணைப்பும் வேண்டும்.

அக்ரெடிடேஷன் என்கிற தரச்சான்று பள்ளி தானாக விரும்பிக் கேட்டு வாங்குவது. இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் உள்ள நாபெட் அப்படிக் கொடுக்கும் அமைப்புகளில் ஒன்று. கல்லூரிகளுக்கு மதிப்பீடு செய்யும் நாக் வேறு அமைப்பு, அது பள்ளிப் பக்கம் வராது. ஓட்டலுக்கு மாநகராட்சி உரிமம் இருந்தால் கடை சட்டப்படி நடக்கிறது என்று தெரியும், சாம்பார் எப்படி இருக்கும் என்று தெரியாது. அங்கீகாரமும் அவ்வளவுதான்.

அங்கீகாரம் இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? ஆபீஸ்ல கேட்டா முறைக்கிறாங்க.

முறைத்தால் முறைக்கட்டும். கேட்க வேண்டியது நான்கு விஷயம்: ஆணை எண், தேதி, எந்த வகுப்பு வரை, எந்த நாள் வரை. கடைசி இரண்டைத்தான் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. எட்டாம் வகுப்பு வரை மட்டும் அங்கீகாரம் வைத்துக்கொண்டு ஒன்பதாவதுக்கு அட்மிஷன் போடுகிற இடங்கள் உண்டு.

சிபிஎஸ்இ பள்ளி என்றால் வேலை சுலபம். கட்டாயப் பொது வெளிப்பாடு என்று ஒரு பக்கத்தை ஒவ்வொரு பள்ளியும் தன் இணையதளத்தில் வைக்க வேண்டும் என்பது வாரியத்தின் உத்தரவு. இணைப்புக் கடிதம், தீயணைப்புச் சான்று, கட்டடப் பாதுகாப்புச் சான்று, கட்டண விவரம், மூன்று வருட ரிசல்ட், ஆசிரியர் எண்ணிக்கை, பள்ளியைச் சுற்றிக் காட்டும் யூடியூப் வீடியோ வரை அதில் இருக்க வேண்டும். அந்தப் பக்கம் காலியாக இருந்தாலோ, மூன்று வருடம் பழைய சான்று தொங்கினாலோ அதுவே ஒரு பதில்தான். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் இணைப்பு எண் ஏழு இலக்கத்தில், 19 என்று தொடங்கும். வாரியத்தின் சரஸ் தளத்தில் அதைப் போட்டுப் பாருங்கள்.

மாநில வாரியப் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்கலாம். வாய்ப்பேச்சில் நடக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பத்து ரூபாய்தான் கட்டணம், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்பாகவே ஒட்டலாம். பதில் தர 30 நாள் கெடு. மனுவைத் தனியார் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். அந்தப் பள்ளியின் ஃபைல் இருக்கிற அரசு அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.

தற்காலிக அங்கீகாரம்னு போட்டிருக்கு. பயப்படணுமா?

காரணத்தைப் பொறுத்தது. நகரத்தில் பல பழைய பள்ளிகளுக்கு இடம் போதாது. 2004-ல் வகுத்த அளவுப்படி மாநகராட்சி எல்லைக்குள் 6 கிரவுண்ட், மாவட்டத் தலைநகரில் 8, நகராட்சியில் 10, பேரூராட்சியில் 1 ஏக்கர், கிராமத்தில் 3 ஏக்கர் வேண்டும். மாம்பலத்திலோ ராயபுரத்திலோ அறுபது வருடத்துக்கு முன் தொடங்கிய பள்ளி அந்த இடத்துக்கு எங்கே போகும்? கட்டட வரைபட அனுமதி இல்லாத பள்ளிகளும் நிறைய. இவற்றுக்கெல்லாம் வருடா வருடம் தற்காலிகமாக நீட்டித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

நான் பார்ப்பது நான்கு சான்றுகளை: கட்டட உறுதிச் சான்று, கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தக் காகிதங்களைத் தமிழ்நாட்டில் உண்மையாகவே கேட்க ஆரம்பித்தார்கள். இடப் பற்றாக்குறையால் தற்காலிகம் என்றால் நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். தீயணைப்புச் சான்று காலாவதி என்றால் அந்தப் பள்ளியில் சேர்க்க மாட்டேன்.

'சிபிஎஸ்இ பேட்டர்ன்'னு போர்டு வெச்சிருக்காங்க, அது சிபிஎஸ்இ தானே?

இல்லை. இணைப்பு இருக்கிற பள்ளி 'பேட்டர்ன்' என்று எழுதாது, இணைப்பு எண்ணைத்தான் எழுதும். சின்ன வகுப்புகளில் எந்தப் புத்தகத்தையும் வைத்து நடத்தலாம் என்பதால் இந்தப் போர்டு செல்லுபடியாகிறது. மாட்டிக்கொள்வது ஒன்பதாவதில். பத்தாவது பொதுத்தேர்வு எழுத ஒன்பதிலேயே வாரியத்தில் பெயரைப் பதிய வேண்டும். இணைப்பு இல்லாத பள்ளி வேறொரு பள்ளியின் பெயரில் பிள்ளைகளைப் பதிந்துவிடும். ஹால் டிக்கெட்டில் கேள்விப்படாத பள்ளியின் பெயர் வந்த பிறகு பெற்றோர் ஓடி வருகிறார்கள். 'அடுத்த வருஷம் வந்துடும்' என்று சொன்னால், விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு என்னதான் பார்ப்பாங்க?

எண்ணக்கூடியதையெல்லாம் எண்ணுவோம். வகுப்பறையின் நீள அகலம், கழிப்பறை எண்ணிக்கை, குடிநீர்க் குழாய், நூலகத்தில் எத்தனை புத்தகம், லேபில் எத்தனை பியூரெட் (வேதியியல் சோதனைக்கான கண்ணாடிக் குழாய்). ஆசிரியர் வருகைப் பதிவேடு, அவர்களுடைய பி.எட். சான்றிதழ், தளவாடப் பதிவேடு, பாடக்குறிப்பு, மாணவர் நோட்டு திருத்தியிருக்கிறதா என்பதெல்லாம். மத்தியானத்துக்குள் இதில் பாதி முடிந்துவிடும். வகுப்பில் உட்கார்ந்து பாடம் கவனிக்க ஒரு ஆசிரியருக்குப் பத்து நிமிஷம், அதிகம் போனால் ஒரு பீரியட்.

இங்கேதான் சிக்கலே. பியூரெட்டை யார் எண்ணினாலும் ஒரே எண்ணிக்கை வரும். ஆகவே அந்தப் பகுதியை முழுசாக நம்பலாம். ஆனால் அந்த பியூரெட்டைப் பிள்ளைகள் தொட்டிருக்கிறார்களா என்பது அந்த எண்ணிக்கையில் வராது. 'கற்பித்தல் சிறப்பாக உள்ளது' என்ற வரி நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவதைச் சொல்கிறது. ஆனால் பத்து நிமிஷத்தில் எழுதிய அந்த வரிதான் அறிக்கையிலேயே பலவீனமானது. ஆய்வு அறிக்கை கையில் கிடைத்தால் இந்த இரண்டையும் தனித்தனியாகப் படியுங்கள்.

இது நம்மூர்க் கவலை மட்டும் இல்லை. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிகளுக்குச் சான்று கொடுத்த சங்கங்கள் புத்தகத்தையும் பட்டத்தையும் எண்ணியே தீர்ப்பு சொல்கின்றன என்ற அதிருப்தியில் 1933-ல் ஒரு கூட்டு ஆய்வைத் தொடங்கினார்கள். சுமார் 200 பள்ளிகளில் முயன்று பார்த்து, ஒரு பள்ளியை அதன் நோக்கத்தையும் அது இருக்கிற ஊரையும் வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அளவுகோல் பள்ளிக்குப் பள்ளி மாறினால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிடுவது எப்படி என்ற கேள்வி அதிலேயே பிறந்துவிட்டது. இன்னும் தீரவில்லை.

முன்கூட்டியே தேதி சொல்லிட்டு வந்தா எல்லாத்தையும் செட் பண்ணி வெச்சிட மாட்டாங்களா?

வைப்பார்கள்தான். சுவருக்கு வெள்ளை அடிக்கும் வாசனை போகாத பள்ளிக்குள் நான் நுழைந்திருக்கிறேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை முன் பெஞ்சில் உட்கார வைப்பதும் ஊரறிந்த விஷயம். ஆனால் செட் பண்ண முடியாதவையும் உண்டு. ஜூன் மாத நோட்டில் இருக்கும் திருத்தத்தை அக்டோபரில் ஒரே ராத்திரியில் போட்டால் மை நிறமே சொல்லிவிடும். பிள்ளைகளிடம் 'லேபுக்குக் கடைசியா எப்போ போனீங்க?' என்று கேட்டால் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிற விதத்திலேயே விஷயம் தெரிந்துவிடும்.

சொல்லாமல் வரும் ஆய்வுக்குப் பலன் இருக்கிறது. சிபிஎஸ்இ நடத்திய திடீர் ஆய்வுகளின் தொடர்ச்சியாக 2024 மார்ச்சில் நாடு முழுவதும் 20 பள்ளிகளின் இணைப்பை ரத்து செய்தது. வகுப்புக்கே வராமல் கோச்சிங் சென்டருக்குப் போகும் 'டம்மி' மாணவர்களைப் பதிந்திருந்தது முக்கியமான குற்றச்சாட்டு. தேதி சொல்லிவிட்டுப் போயிருந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் சீருடையோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

வேற ஒரு குழு வந்திருந்தா வேற மாதிரி எழுதியிருக்குமோ?

கேட்கப்பட்டதிலேயே நல்ல கேள்வி இதுதான். இதைச் சோதித்துப் பார்க்காத வரை எந்தச் சான்றையும் நம்பகமானது என்று சொல்ல முடியாது. நம் நாட்டில் பெற்றோர் இதைக் கேட்பதே அபூர்வம்.

இங்கிலாந்தில் பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் இதைச் சோதித்து 2017-ல் முடிவை வெளியிட்டது. ஒரே பள்ளியை ஒரே நாளில் இரண்டு ஆய்வாளர்கள் தனித்தனியாகப் பார்த்துத் தீர்ப்பு சொன்னார்கள். 24 பள்ளிகளில் 22-ல் இருவரும் ஒத்துப்போனார்கள். பார்க்க அழகான எண்ணிக்கை. ஆனால் அவை தொடக்கப் பள்ளிகள், ஏற்கெனவே 'நல்லது' என்று பேர் வாங்கியவை. கேள்வியும் 'இன்னும் அதே நிலையில் இருக்கிறதா' என்பதுதான். அறுபது ஆசிரியர்கள், பத்துப் பாடங்கள், நான்கு குரூப்புகள் உள்ள மேல்நிலைப் பள்ளியை ஏழெட்டுத் தலைப்பில் மதிப்பிடச் சொன்னால் அதே ஒற்றுமை வரும் என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. இருவரும் ஒத்துப்போனால் இருவரும் சரி என்றும் ஆகாது. வெள்ளையடித்த சுவரைப் பார்த்து இரண்டு பேருமே மயங்கலாம்.

அதே ஆஃப்ஸ்டெட் 2024 செப்டம்பரிலிருந்து அரசுப் பள்ளிகளுக்கு ஒட்டுமொத்தமாக ஒரே ஒரு சொல்லில் தீர்ப்பு சொல்வதை நிறுத்திவிட்டது. 2023-ல் ஒரு தலைமையாசிரியையின் மரணத்தைத் தொடர்ந்து எழுந்த கண்டனம் அதற்கு முக்கியக் காரணம். ஒரு பெரிய பள்ளியை ஒற்றைக் கிரேடில் அடைக்கிற எந்தச் சான்றையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

நூறு சதவீத ரிசல்ட் காட்டறாங்க, அதைவிட என்ன சான்று வேணும்?

நூறு சதவீதம் சரி, எத்தனை பேரில் நூறு சதவீதம்? மூன்று வருடத்துக்கு முன் ஒன்பதாவதில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள், இந்த வருடம் எத்தனை பேர் பன்னிரண்டாவது எழுதினார்கள் என்று கேளுங்கள். எட்டு வரை இருந்த பிள்ளையை ஒன்பதில் நிறுத்தி, 'டிசி வாங்கிக்கோங்க' என்று சொல்லி, மிச்சமிருப்பவர்களை வைத்து ஃபிளெக்ஸ் அடிக்கிற பழக்கம் புதிது இல்லை. பதினொன்றாவதில் 450-க்கு மேல் எடுத்தவர்களை மட்டுமே சேர்க்கிற பள்ளியில் எல்லாரும் பாஸாவது பள்ளியின் சாதனையா, பிள்ளைகள் கொண்டுவந்த மூலதனமா? 300 எடுத்தவரைச் சேர்த்துக்கொண்டு 400-க்குக் கொண்டுபோகிற பள்ளி எந்தப் ஃபிளெக்ஸிலும் வராது.

அரசுக்கும் இது தெரியும். 2017-லிருந்து மாநில முதலிடம் என்று பட்டியல் வெளியிடுவதை நிறுத்தினார்கள். பதினொன்றாம் பாடத்தைத் தொடாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் பாடத்தையே நடத்துகிறார்கள் என்பதால் 2017-18-ல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-ல் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வு போய்விட்டது. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்தது, சந்தோஷம். ஆனால் பதினொன்றாவது பாடம் நடக்கிறதா என்று பார்க்கும் வேலை இனிப் பெற்றோருடையது.

பத்திரிகையில 'டாப் 10 ஸ்கூல்ஸ் இன் சென்னை'ன்னு வருதே?

பக்கத்து விளம்பரம் யாருடையது என்று பாருங்கள். எதை வைத்து வரிசைப்படுத்தினார்கள், பள்ளிக்குள் யாராவது போனார்களா என்று எழுதியிருக்காது. அப்படி எழுதாத பட்டியலைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஸ்கூலே தனக்கு மார்க் போட்டுக்குதாமே, இது என்ன கூத்து?

கூத்து என்று ஒதுக்க வேண்டாம். 2015-ல் மத்திய அரசு கொண்டுவந்த சாலா சித்தி திட்டம் ஏழு தலைப்புகளில் சுயமதிப்பீடு, பிறகு வெளியாள் மதிப்பீடு என்ற ஏற்பாடுதான். சிபிஎஸ்இயின் தர மதிப்பீட்டுச் சட்டகத்துக்கும் ஏழு தலைப்புகள்: பாடத்திட்டமும் கற்பித்தலும், கட்டமைப்பு, ஆசிரியர்கள், எல்லாரையும் உள்ளடக்கும் முறை, நிர்வாகம், தலைமை, பயனாளிகளின் திருப்தி. நேர்மையாகச் செய்கிற பள்ளியில் இதன் பலனை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஸ்டாஃப் ரூமில் ஆசிரியர்கள் சேர்ந்து உட்கார்ந்து 'கணக்கில் ஏன் சறுக்குகிறோம்' என்று பேச இது ஒரு சாக்கு.

ஆனால் அந்த மார்க்கை வெளியே விளம்பரத்துக்குப் பயன்படுத்த ஆரம்பித்த நிமிஷமே அது கெட்டுவிடும். பள்ளிகள் தாங்களே ஏற்றும் யுடைஸ் (மத்திய அரசின் பள்ளித் தகவல் தளம்) விவரங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதில் பள்ளியின் 11 இலக்க எண்ணை வைத்து ஆசிரியர் எண்ணிக்கை, வகுப்பறை எண்ணிக்கையைப் பார்க்கலாம், பள்ளி சொல்வதோடு ஒப்பிடலாம். அங்கே 22 ஆசிரியர், பள்ளி விளம்பரத்தில் 40 ஆசிரியர் என்றால் எது உண்மை என்று நேரில் கேளுங்கள்.

நாபெட் சான்று வாங்கின ஸ்கூல்ல ஃபீஸ் ஜாஸ்தியா இருக்கு. அது வொர்த்தா?

சான்றுக்காக ஃபீஸ் அதிகம் கொடுக்காதீர்கள். விண்ணப்பிக்கும் பள்ளிதான் மதிப்பீட்டுக்குப் பணம் கட்டுகிறது. அதனால் மட்டும் அது பொய்யாகிவிடாது. ஆனால் தோற்றுப்போய் விடுவோம் என்று நினைக்கிற பள்ளி விண்ணப்பிக்கவே விண்ணப்பிக்காது, பணமில்லாத நல்ல பள்ளியும் விண்ணப்பிக்காது. ஆகவே சான்று இல்லாததை வைத்து ஒரு பள்ளியைக் குறைத்து மதிப்பிட வழியில்லை. சான்று இருந்தால், குறைந்தது புகார் வாங்கவும் பயிற்சி கொடுக்கவும் எழுதிவைத்த நடைமுறை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். கட்டணம் எவ்வளவு வாங்கலாம் என்பது தனிக் கதை. அதற்கு 2009 சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு இருக்கிறது.

ஐபி, கேம்பிரிட்ஜ் எல்லாம் ஃபாரின் ஆளுங்க செக் பண்றது, அது கரெக்டா இருக்கும்ல?

ஐபி என்கிற சர்வதேசப் பாடத்திட்ட அமைப்பு, தான் அனுமதி கொடுத்த பள்ளியை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுபடி மதிப்பிடுகிறது. முறை ஒழுங்கானது. ஆனால் அது பார்ப்பது தன் பாடத்திட்டம் சரியாக நடக்கிறதா என்று. முந்தைய கேள்விகளில் சொன்ன கட்டடம், தீ, அங்கீகாரம் எல்லாம் இவர்களுக்கும் உண்டு, அவற்றை மாநில அரசிடம்தான் சரிபார்க்க வேண்டும்.

கார்ப்பரேஷன் ஸ்கூலுக்கு இதெல்லாம் கிடையாதா?

ஆண்டாய்வு உண்டு, கல்வி அலுவலர்களின் பார்வை உண்டு. தரச்சான்று வாங்கிப் போர்டு மாட்டுகிற பழக்கம் இல்லை. இன்னொரு விதத்தில் அவையும் அளக்கப்படுகின்றன. 2024 டிசம்பர் 4 அன்று நாடு முழுவதும் 3, 6, 9 வகுப்புகளுக்கு நடந்த பரக் அடைவுக் கணக்கெடுப்பில், அதாவது பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்க்கும் தேர்வில், எல்லா வகைப் பள்ளிகளிலிருந்தும் மாதிரி எடுத்தார்கள். ஆனால் மாதிரி என்பதால் உங்கள் தெருப் பள்ளியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மாவட்டத்துக்கு எடுத்த அளவை ஒரு பள்ளியின் தலையில் வைக்கக் கூடாது.

அரசு, மாநகராட்சிப் பள்ளிகளில் நான் பெரிதாக நம்புவது பள்ளி மேலாண்மைக் குழுவை. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஒரு நாள் வந்து போகிற எங்களைவிட, தினமும் வாசலில் பிள்ளையை விடுகிற அம்மாவுக்கு அதிகம் தெரியும். கூட்டத்துக்குப் போய், தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லிப் பழகுங்கள்.

குழுவில இருக்கறவங்களும் டீச்சர், பிரின்சிபால்தானே? விட்டுக்கொடுத்துட மாட்டாங்களா? காசு கொடுத்தா கிடைக்கும்னும் சொல்றாங்க.

விட்டுக்கொடுப்பது உண்டு. இன்று என்னை ஆய்வு செய்கிறவர் பள்ளிக்கு நாளை நான் போகலாம். அப்படி இருக்கும்போது 'சில குறைகள் உள்ளன, சரிசெய்யப்படும் என உறுதியளிக்கப்பட்டது' என்று எழுதிவிட்டு எழுந்துவருவது எளிது. இந்த வாக்கியம் ஒரே பள்ளியின் அறிக்கையில் மூன்று வருடம் தொடர்ந்து வந்தால் யாரும் போய்ச் சரிபார்க்கவில்லை என்று அர்த்தம்.

பணம் பற்றி: 2025 பிப்ரவரியில் ஆந்திராவில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு நல்ல தரம் போட லஞ்சம் வாங்கினார்கள் என்ற புகாரில் நாக் ஆய்வுக் குழுவினரையே சிபிஐ கைது செய்தது. அது உயர்கல்வி, பள்ளி இல்லை. ஆனாலும் சான்றின் மதிப்பு ஏற ஏற அதை விலைக்கு வாங்கும் ஆசையும் ஏறும் என்பது பள்ளிக்கும் பொருந்தும். இதற்குத் தெரிந்த மருந்து, முழு அறிக்கையையும் பொதுவில் போடுவதுதான். கிரேடை மட்டும் போட்டால் யாராலும் கேள்வி கேட்க முடியாது. 'கழிப்பறை 14' என்று எழுதியிருந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளையே எண்ணிப் பார்த்துவிடும்.

நடுவுல அங்கீகாரம் ரத்தானா என் பையன் கதி என்ன?

எட்டாம் வகுப்பு வரை சட்டம் தெளிவாக இருக்கிறது. அங்கீகாரத்தை எடுக்கும் ஆணையிலேயே அந்தப் பிள்ளைகளை அருகில் உள்ள எந்தப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். முதல் பதிலில் சொன்ன அதே 18-வது பிரிவுதான். டிசி வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டிப் புதுப் பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது.

ஒன்பதுக்கு மேல் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும். முதலில் பார்க்க வேண்டியது பையன் வாரியத்தில் எந்தப் பள்ளியின் பெயரில் பதிவாகியிருக்கிறான் என்பதை. பதிவு முறையாக இருந்தால் தேர்வு எழுதுவதற்கு வழி கேட்டு வாரியத்தின் மண்டல அலுவலகத்தையோ, மாநிலப் பாடத்திட்டம் என்றால் முதன்மைக் கல்வி அலுவலரையோ நேரில் பாருங்கள். கட்டிய ஃபீஸ் ரசீதுகள், ஒன்பதாம் வகுப்பு மார்க் ஷீட், பதிவு எண் மூன்றின் நகலும் கையில் இருக்கட்டும். எமிஸ் எண்ணை, அதாவது மாநில அரசின் மாணவர் பதிவு எண்ணை, பழைய பள்ளி விடுவித்தால்தான் புதுப் பள்ளி ஏற்ற முடியும். அதை எழுத்தில் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு ஒரு கையெழுத்து வாங்கிவிட்டு வாருங்கள்.